ஐந்து டாலர் கொடு, மிஷினை எடு!

ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். உங்கள் வருட வருமானத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்ட வேண்டாம். அதை நான்கால் வகுங்கள்.

வந்த தொகை எவ்வளவோ, அதுதான் ஒரு பொருளின் விலை. வீடு இல்லை, நிலம் இல்லை, நகை இல்லை. மேஜை மேல் வைக்கிற ஒரு இரும்புச் சாமான். மொத்தப் பணத்தையும் இன்றைக்கே எடுத்து வைத்தால்தான் கிடைக்கும். வாங்குவீர்களா?

மாட்டீர்கள். நானும் மாட்டேன். 1850-களில் அமெரிக்காவிலும் யாரும் வாங்கவில்லை.

அந்தச் சாமான், தையல் மிஷின். விலை 125 டாலர். ஒரு சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 500 டாலர் பக்கம். வாங்கினால் வீட்டில் இருக்கிற பெண்மணிக்குப் பாதி ஆயுள் மிச்சம். அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கடையில் வேடிக்கை பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போனார்கள்.

அப்புறம் அது எப்படி உலகத்தில் பாதி வீடுகளுக்குள் நுழைந்தது? நம்ம ஊர்த் திண்ணைவரை எப்படி வந்தது?

'சிங்கர் கண்டுபிடித்தார், விற்றார், கோடீஸ்வரர் ஆனார்' என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு வரியில் மூன்று தப்பு இருக்கிறது. கண்டுபிடித்தது சிங்கர் மட்டுமில்லை. விற்றதும் சிங்கர் இல்லை. கோடீஸ்வரர் ஆனது சிங்கர் மட்டுமில்லை.

முதலில் கண்டுபிடித்தவர்களைப் பார்த்துவிடுவோம்.

பிரான்ஸில் பார்த்தெலெமி திமோனியே என்று ஒரு டெய்லர். 1830-ல் தையல் மிஷினுக்கு பேடன்ட் வாங்கிவிட்டார். வெறும் காகிதத்தோடு நிற்கவில்லை. பாரிஸில் சுமார் 80 மிஷின்களோடு பட்டறையே போட்டார். ராணுவ யூனிஃபார்ம் ஆர்டர்! யோசித்துப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட கஸ்டமர். ஆனால், ஊரில் இருந்த மற்ற டெய்லர்கள் சும்மா இருப்பார்களா? 'எங்க பொழப்புல மண்ணா?' என்று 1831-ல் கும்பலாக வந்து எல்லா மிஷின்களையும் அடித்து நொறுக்கிவிட்டார்கள். திமோனியே கடைசியில் ஏழையாகவே செத்துப்போனார்.

அடுத்தது நியூயார்க். வால்டர் ஹன்ட் என்ற மனிதருக்குத் தினமும் ஒரு ஐடியா வரும். 1833-34 வாக்கில் தையல் மிஷினும் செய்துவிட்டார். ஊசியின் கண் கூர்முனைப் பக்கம் இருக்கும், கீழே இன்னொரு நூல் வந்து பூட்டிக்கொள்ளும். இன்றைய மிஷினுக்கே அதுதான் ஆதாரம். ஆனால், மனிதர் பேடன்ட் வாங்கவில்லை. 'இது வந்தால் தையல் வேலை செய்து சாப்பிடுகிற ஏழைப் பெண்கள் என்ன ஆவார்கள்?' என்று அவர் மகளே கேட்டதாகச் சொல்வார்கள். மூலையில் போட்டுவிட்டார். இதே ஹன்ட்தான் 1849-ல் ஊக்கு, அதாவது சேஃப்டி பின்னைக் கண்டுபிடித்து, அதன் உரிமையை வெறும் 400 டாலருக்கு விற்றவர். உங்கள் வீட்டில் அம்மாவின் வளையலில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்குமே, அதே ஊக்கு!

மூன்றாவது ஆள் எலியாஸ் ஹோவ். இவரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருவார். மாசசூசெட்ஸ்காரர். மெக்கானிக். உடம்பு சரியில்லாமல் அடிக்கடி படுத்துவிடுவார். வேலைக்குப் போக முடியாத நாட்களில் மனைவி வெளியாருக்குத் துணி தைத்துத்தான் மூன்று குழந்தைகளுக்கும் சாப்பாடு. படுக்கையில் கிடந்தபடி மனைவியின் கை போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தார் ஹோவ்.

1845-ல் மிஷின் தயார். பாஸ்டனில் ஒரு துணிக் கம்பெனியில் போட்டி வைத்தார். ஒரு பக்கம் ஹோவின் மிஷின். இன்னொரு பக்கம் கை தேர்ந்த ஐந்து தையல்காரப் பெண்கள். மிஷின் ஜெயித்தது. கூட்டம் கைதட்டியது. எத்தனை ஆர்டர் வந்தது?

பூஜ்யம்.

விலை 300 டாலர். யார் வாங்குவார்கள்? 1846 செப்டம்பரில் பேடன்ட் கிடைத்தது. பிரயோஜனம் இல்லை. லண்டனில் ஒரு கார்செட் தயாரிப்பாளர் 250 பவுண்டுக்கு இங்கிலாந்து உரிமையை வாங்கிக்கொண்டார். ஹோவும் பிழைப்பைத் தேடி அங்கே போனார். கொஞ்ச நாளில் அங்கேயும் மனக்கசப்பு. கையில் காசில்லாமல் அமெரிக்கா திரும்பினால், மனைவி எலிசபெத் காசநோயில் கிடக்கிறார் என்று செய்தி. கடன் வாங்கித்தான் ஊர் போய்ச் சேர்ந்தார். மனைவி இறந்துபோனார்.

துக்கம் ஆறுவதற்குள் ஒரு அதிர்ச்சி. ஊரில் ஆளாளுக்குத் தையல் மிஷின் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கூர்முனையில் கண் உள்ள ஊசி. ஹோவ் பேடன்ட் வாங்கிய அதே ஊசி!

அந்த ஆளாளில் ஒருவர்தான் ஐசக் மெரிட் சிங்கர்.

ஆறடிக்கு மேல் உயரம். வெண்கலக் குரல். தொழில்? நாடக நடிகர்! 1811-ல் நியூயார்க் மாகாணத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் பெரிதாகக் கிடையாது. 1839-ல் பாறை துளைக்கிற ஒரு கருவியைக் கண்டுபிடித்து 2,000 டாலருக்கு விற்றார். நம்மைப்போல் ஆசாமியாக இருந்தால் பேங்க்கில் போட்டிருப்போம். அவர் நாடகக் கம்பெனி ஆரம்பித்தார். சில வருடங்களில் பணம் காலி.

1850-ல் பாஸ்டனில் ஆர்சன் ஃபெல்ப்ஸ் என்பவரின் பட்டறையில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து, மரத்தில் எழுத்து செதுக்கும் மிஷினை விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார் சிங்கர். அது விலைபோகவில்லை. ஃபெல்ப்ஸின் பட்டறைக்கு ரிப்பேருக்கு வந்துகொண்டே இருந்த சாமான், வேறொரு கம்பெனியின் தையல் மிஷின். 'இதைச் சரி பண்ண முடியுமா பாரேன்' என்றார் ஃபெல்ப்ஸ். சிங்கருக்கு முதலில் இளக்காரம்தான். தையல் மிஷினா, அதெல்லாம் ஒரு பிசினஸா?

ஆனால், மிஷினைப் பார்த்ததும் கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிட்டது. அதுவரை வந்த மிஷின்களில் ஊசி வளைந்திருக்கும். ஹோவின் மிஷினில் துணியைச் செங்குத்தாக மாட்டவேண்டும். கொஞ்ச தூரம் தைத்ததும் நிறுத்தி, மறுபடி மாட்டவேண்டும். சிங்கர் ஊசியை நேராக்கினார், மேலும் கீழும் போகவைத்தார். துணியை மேஜைமேல் படுக்கவைத்தார். அதை அழுத்திப் பிடிக்க ஒரு பாதம். பிற்பாடு காலால் மிதிக்க ஒரு பெடல். கை இரண்டும் ஃப்ரீ. ஜார்ஜ் ஸீபர் என்ற நண்பர் போட்ட 40 டாலர்தான் மூலதனம். பதினொரு நாளில் மிஷின் ரெடி!

ரெடியே தவிர, தைக்கவில்லை. நூல் தொளதொளவென்று வந்தது. வெறுத்துப்போய் ராத்திரி ஸீபரும் சிங்கரும் ரூமுக்கு நடந்தார்கள். வழியில் ஒரு பலகைக் குவியலில் உட்கார்ந்தபோது, துணியின் மேல்பக்கம் மட்டும் நூல் வளையம் வளையமாக நிற்கிறதே என்றார் ஸீபர். சிங்கருக்குச் சட்டென்று பொறி தட்டியது. நூலுக்கு டென்ஷன் கொடுக்க மறந்துவிட்டோம்! திரும்பி ஓடினார்கள். ஒரு சின்ன ஸ்க்ரூ. அவ்வளவுதான், மிஷின் பாட்டுக்குத் தைத்தது. 1851 ஆகஸ்ட்டில் பேடன்ட்.

இங்கே ஒரு அசிங்கமான விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஃபெல்ப்ஸைப் பேசிப் பேசியே கம்பெனியைவிட்டு வெளியே அனுப்பினார் சிங்கர். அடுத்தது 40 டாலர் போட்ட ஸீபர். அந்த வருடம் டிசம்பரில் அவர் காய்ச்சலில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, 'டாக்டர் நீ பிழைக்கமாட்டாய் என்கிறார், குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டாமா' என்றார். நொந்துபோன மனிதர் தன் மொத்தப் பங்கையும் 6,000 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை. ஸீபர் பிழைத்து எழுந்தார். பங்கு போனது போனதுதான்.

தனக்கு மிஷின் முக்கியமில்லை, சில்லறைதான் முக்கியம் என்று சிங்கரே சொல்வாராம். ஒளிவுமறைவு இல்லாத மனிதர்!

இப்போது நம் கதையின் உண்மையான ஹீரோ வருகிறார். பெரும்பாலான புத்தகங்களில் அரைப் பக்கம்கூட இவருக்குக் கிடைக்காது. படத்தைப் பார்த்தால் ரிட்டயர்டு தாசில்தார் மாதிரி இருப்பார். பெயர், எட்வர்ட் கிளார்க். வக்கீல். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பவர். சிங்கரைக் கண்டாலே கிளார்க்கின் மனைவிக்கு ஆகாது. அந்த நடிகர் வீட்டுப் பக்கம் வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பிறகு எப்படி இந்த இருவரும் கூட்டாளிகள்? வெரி சிம்பிள். ஹோவ் 'என் ஊசியைத் திருடிட்டாங்க' என்று கோர்ட்டுக்குப் போய்விட்டார். சிங்கருக்கு வக்கீல் வேண்டும். ஃபீஸ் கொடுக்கப் பணம் இல்லை. 'பணத்துக்குப் பதிலாகப் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள்' என்றார். கிளார்க் மூன்றில் ஒரு பங்கு எடுத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் பாதிக்குப் பாதி.

கேஸில் கிளார்க் சாமர்த்தியமாக ஒரு காய் நகர்த்தினார். வால்டர் ஹன்ட்டைத் தேடிப் பிடித்து, அந்தப் பழைய மிஷினைத் தூசிதட்டி, 'பாருங்கள், ஹோவுக்கு முன்பே இவர் செய்துவிட்டார்' என்று காட்டினார்கள். உண்மைதான். ஆனால், ஹன்ட் அதைக் கைவிட்டுவிட்டாரே! சட்டத்தின் கண்ணில் ஹோவ்தான் உரிமைக்காரர். 1854-ல் சிங்கர் கம்பெனி 15,000 டாலர் கொடுத்து ஹோவோடு சமாதானம் ஆகவேண்டியதாயிற்று.

சண்டை அதோடு முடியவில்லை. சிங்கரிடம் சில பேடன்ட். வீலர் அண்ட் வில்சன் கம்பெனியிடம் சில. க்ரோவர் அண்ட் பேக்கரிடம் சில. ஒருவர் இன்னொருவரின் பேடன்டைத் தொடாமல் ஒரு மிஷின்கூடச் செய்யமுடியாது. எல்லோரும் எல்லோர்மேலும் கேஸ். 1856-ல் ஆல்பனி நகரில் அடுத்த ரவுண்டு வழக்குக்காகக் கூடியிருந்தபோது, க்ரோவர் அண்ட் பேக்கரின் தலைவர் ஓர்லாண்டோ பாட்டர் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். வக்கீலுக்குக் கொட்டிக்கொடுக்கிற பணத்தை நாமே எடுத்துக்கொள்ளலாமே! எல்லா பேடன்டையும் ஒரே உண்டியலில் போடுவோம். யார் மிஷின் செய்தாலும் ஒரு மிஷினுக்கு 15 டாலர் கட்டட்டும். அதில் ஐந்து டாலர் ஹோவுக்கு.

வீடு வீடாக அலைந்த ஹோவ், அடுத்த பத்து வருடங்களில் பெரும் பணக்காரர் ஆனார். அவர் ஐடியாவுக்குக் கூலி கிடைத்துவிட்டது. ஆனால், தொழில்?

தொழில் படுத்துக்கிடந்தது. 1855-ம் வருடம் முழுக்க சிங்கர் கம்பெனி விற்ற மிஷின்கள் மொத்தம் 883. அமெரிக்கா முழுக்க! மிஷின் இருக்கிறது. பேடன்ட் தலைவலி தீரப்போகிறது. பிராட்வேயில் கண்ணாடி போட்ட ஆடம்பரமான ஷோரூம் இருக்கிறது. 'பெண்களுக்கெல்லாம் மிஷின் ஓட்ட வராது' என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள். அதற்காக இளம்பெண்களையே உட்காரவைத்துத் தைத்துக் காட்டினார்கள். சர்ச் பாதிரியார்களுக்குப் பாதி விலைச் சலுகை தந்தார்கள். பாதிரியார் வீட்டில் மிஷின் இருந்தால் ஊரே பார்க்குமே! இவ்வளவு செய்தும் 883.

கிளார்க் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். ஜனங்களுக்கு மிஷின் பிடிக்கவில்லையா? பிடித்திருக்கிறது. தேவை இல்லையா? இருக்கிறது. பின்னே? நூற்று இருபத்தைந்து டாலர் கையில் இல்லை. ஆனால், மாதம் நான்கைந்து டாலர் இருக்கிறதே!

'ஐந்து டாலர் கொடுங்கள், மிஷினை வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மிச்சத்தை மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள்.'

1856-ல் விற்ற மிஷின்கள் 2,564. ஒரே வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு. மிஷினில் ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றவில்லை!

தவணையில் பொருள் விற்றதில் கிளார்க் முதல் ஆள் இல்லை. நியூயார்க்கில் ஃபர்னிச்சரும் பியானோவும் ஏற்கெனவே அப்படி விற்றுக்கொண்டிருந்தார்கள். ஆனால், அதெல்லாம் ஓரளவு வசதியானவர்களுக்கு. கிளார்க்கின் சூட்சுமம் வேறு. பியானோ சம்பாதித்துக் கொடுக்காது. தையல் மிஷின் கொடுக்கும். பக்கத்து வீட்டுக்கு நாலு சட்டை தைத்தால் இந்த மாத டியூ ரெடி. 1860-களின் தொடக்கத்தில் வீலர் அண்ட் வில்சன் கம்பெனி ஒரு கணக்கு வெளியிட்டது. ஆண்கள் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம். மிஷினில் 1 மணி 16 நிமிடம். ஆக, மிஷின் தன் விலையைத் தானே சம்பாதித்துக் கொடுத்துவிடும்.

இன்னொரு கில்லாடித்தனமும் செய்தார் கிளார்க். 'உங்களிடம் எந்தக் கம்பெனியின் பழைய மிஷின் இருந்தாலும் கொண்டுவாருங்கள். புது சிங்கரில் 50 டாலர் கழிவு.' வந்த பழைய மிஷின்களை என்ன செய்தார் தெரியுமா? உடைத்துப்போட்டார். செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் போட்டியே இருக்கக்கூடாது! இன்றைக்கு 'எக்ஸ்சேஞ்ச் மேளா' என்று பேப்பரில் முழுப் பக்க விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு கிளார்க்கின் முகம் ஞாபகம் வரும்.

நான் பி.காம். படித்தவன். 'ஹயர் பர்ச்சேஸ் அக்கவுண்ட்ஸ்' என்று ஒரு சாப்டர் உண்டு. பரீட்சையில் பதினைந்து மார்க் கணக்கு கட்டாயம் வரும். வட்டியைப் பிரி, அசலைப் பிரி, தேய்மானத்தைக் கழி என்று தலைசுற்ற வைப்பார்கள். ஆனால், அந்த சாப்டரின் உயிர் கணக்கில் இல்லை, முதல் பாராவில் இருக்கிறது. கடைசித் தவணையைக் கட்டும்வரை பொருள் உங்களுடையது இல்லை. நீங்கள் வாடகைக்கு வைத்திருக்கிறீர்கள். கட்டுவது வாடகை. கடைசி வாடகையைக் கட்டிய பிறகுதான் நீங்கள் சொந்தக்காரர்.

எங்கள் பாட்டியிடம் ஒரு சிங்கர் மிஷின் இருந்தது. கறுப்பு உடம்பு, தங்க நிறப் பூவேலை. கல்யாணமான புதிதில் தவணையில் வாங்கியது. மாதா மாதம் ஒருவர் சைக்கிளில் வருவாராம். மோர் குடிப்பார். மிஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது கொடுப்பார். அந்த ரசீதுகள் எல்லாவற்றையும் பாட்டி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்தார். 'எதுக்குப் பாட்டி இன்னும் வெச்சிருக்கே?' என்று கேட்டால், 'நாளைக்கு எவனாவது வந்து மிஷினைக் கேட்டா?' என்பார். தவணை முடிந்து நாற்பது வருடம் கழித்தும் அந்தப் பயம் போகவில்லை!

அந்த சைக்கிள்காரர் கிளார்க்கின் கம்பெனி வளர்த்த இனம். தவணை என்று வந்துவிட்டால் விற்றவுடன் கதை முடிவதில்லை. வாராவாரமோ மாதாமாதமோ வீட்டுக்குப் போகவேண்டும். வசூல் செய்கிறவர் மிஷின் ஓடுகிறதா என்றும் பார்ப்பார். ஓடாத மிஷினுக்கு யார் டியூ கட்டுவார்கள்? ஆகவே ரிப்பேர் தெரிந்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஊசி, நூல், எண்ணெய் கையில் இருக்கவேண்டும். இப்படி ஊர் ஊராகக் கம்பெனிக்குச் சொந்த ஆட்களின் வலை ஒன்று உருவானது.

வேடிக்கை என்னவென்றால், மிஷின் தயாரிப்பில் சிங்கர் கம்பெனி அப்படியொன்றும் முன்னணியில் இல்லை. துப்பாக்கித் தொழிற்சாலை பாணியில் அச்சு அசலாக ஒரே மாதிரி பாகங்களைச் செய்தது வீலர் அண்ட் வில்சன்தான். சிங்கர் பட்டறையில் ரொம்ப காலம் அரத்தால் ராவித்தான் பாகங்களைப் பொருத்தினார்கள். விலையும் அதிகம். ஆனாலும் 1867-ல் விற்பனையில் வீலர் அண்ட் வில்சனை சிங்கர் முந்திவிட்டது. பிற்பாடு அந்தக் கம்பெனியையே வாங்கி விழுங்கியும்விட்டது.

சரி, தவணையால் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்களா?

ம்ஹூம். பத்து தவணை கட்டியிருப்பார் ஒரு விதவைப் பெண். பதினொன்றாவது மாதம் காய்ச்சல். தைக்க முடியவில்லை, கட்ட முடியவில்லை. சட்டப்படி மிஷின் கம்பெனியுடையது. தூக்கிக்கொண்டு போய்விடலாம். கட்டிய பணம்? அது வாடகை, திரும்ப வராது. மிஷின்கள் பெருகப் பெருக ஒரு சட்டைக்குக் கிடைக்கும் தையல் கூலியும் இறங்கியது. கூலி இறங்கினால் அதே டியூவைக் கட்ட இன்னும் அதிகச் சட்டை தைக்கவேண்டும். விளக்கை இன்னும் கொஞ்ச நேரம் எரியவிட வேண்டும். ஹன்ட்டின் மகள் பயந்தது முழுக்கப் பொய்யாகிவிடவில்லை.

தவணை வியாபாரம் தையல் மிஷினோடு நிற்கவில்லை. ரேடியோ, மேஜை, நாற்காலி என்று பரவியது. பாதிக்குமேல் கட்டியவர்கள் வீட்டிலும் புகுந்து பொருளைப் பிடுங்குவது இங்கிலாந்தில் பெரிய அக்கிரமமாகவே வளர்ந்துவிட்டது. எலன் வில்கின்சன் என்ற பெண் எம்.பி. போராடி 1938-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். மூன்றில் ஒரு பங்கு கட்டியாகிவிட்டால், அப்புறம் கோர்ட் உத்தரவு இல்லாமல் பொருளைத் தொடக்கூடாது. நம் நாட்டிலும் 1972-ல் இதே மாதிரி ஒரு ஹயர் பர்ச்சேஸ் சட்டம் நிறைவேறியது. நாங்கள் காலேஜில் விழுந்து விழுந்து படித்தோம். பிற்பாடுதான் தெரிந்தது, அந்தச் சட்டம் அமலுக்கே வரவில்லை! 2005-ல் சத்தமில்லாமல் ரத்தும் செய்துவிட்டார்கள். பரீட்சைக்காக மட்டுமே வாழ்ந்த சட்டம்.

அது இருக்கட்டும். நம் நடிகர் என்ன ஆனார்?

பணம் கொட்டியது. நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் மாளிகை. முப்பத்தொரு பேர் உட்காரக்கூடிய மஞ்சள் நிற ராட்சதக் குதிரை வண்டி. 1860-ல் ஒரு நாள் அதே தெருவில் ஒரு பெண்ணோடு வண்டியில் போனார் சிங்கர். எதிரே இன்னொரு வண்டி. அதில் மேரி ஆன் ஸ்பான்ஸ்லர். ஏறக்குறைய இருபத்துநான்கு வருடங்களாக அவரோடு குடும்பம் நடத்தி, பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர். நடுத்தெருவில் கத்தித் தீர்த்துவிட்டார். விஷயம் போலீஸ்வரை போனது. தோண்டத் தோண்ட பூதம். வேறு பெயரில் இன்னொரு வீடு. அங்கேயும் பிள்ளைகள். முதல் மனைவியை விவாகரத்து செய்ததே அந்த வருடம்தான்!

சிங்கர் ஐரோப்பாவுக்கு ஓட்டம் பிடித்தார். குடும்பப் பெண்களுக்கு மிஷின் விற்கிற கம்பெனியின் பெயரில் இப்படி ஒரு மனிதர். கிளார்க்கின் நிலையை யோசித்துப் பாருங்கள். 1863-ல் கூட்டு வியாபாரத்தைக் கலைத்து, 'சிங்கர் மேனுஃபேக்சரிங் கம்பெனி' என்று புதிதாகப் பதிவு செய்தார்கள். நிபந்தனை என்ன தெரியுமா? இருவரும் உயிரோடு இருக்கும்வரை இருவருமே தலைவர் நாற்காலியில் உட்காரக்கூடாது. இன்ஸ்லி ஹாப்பர் என்ற இளைஞரை உட்காரவைத்தார்கள். 1875-ல் இங்கிலாந்தில் சிங்கர் கண்ணை மூடினார். மொத்தம் சுமார் இருபத்துநான்கு பிள்ளைகள், கோடிக்கணக்கில் டாலர் சொத்து. அதற்குப் பிறகுதான் கிளார்க் தலைவர் ஆனார். 1882-ல் அவரும் போய்ச் சேர்ந்தார்.

கிளார்க் கடைசிக் காலத்தில் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் ஓரமாக ஒரு பிரம்மாண்ட அடுக்குமாடிக் கட்டடத்தை ஆரம்பித்துவைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு, 1884-ல் கட்டி முடித்தார்கள். பெயர் டகோட்டா. பீட்டில்ஸ் பாடகர் ஜான் லெனன் 1980-ல் சுடப்பட்டது அந்தக் கட்டட வாசலில்தான். தவணைப் பணத்தில் எழும்பிய கட்டடம்.

இதற்குள் கம்பெனி எங்கெங்கோ போய்விட்டது. 1867-லேயே ஸ்காட்லாந்தில் தொழிற்சாலை. 1870-களில் இந்தியா, இலங்கை. கொழும்பில் 1877-ல் கடை திறந்தார்கள். போன இடமெல்லாம் தவணையும் கூடவே போனது. 1880 வாக்கில் வருடத்துக்கு ஐந்து லட்சம் மிஷின்கள். 883 எங்கே, ஐந்து லட்சம் எங்கே!

முடிப்பதற்கு முன்னால் நம் ஊர் சமாசாரம் ஒன்று.

1924-ல் டெல்லியில் காந்தியைப் பார்க்க ஒரு இளைஞர் வந்தார். சாந்திநிகேதன் மாணவர். பெயர் ஜி.ராமச்சந்திரன். பின்னாளில் டி.வி.எஸ். குடும்பத்தின் டாக்டர் சௌந்தரத்தை மணந்து, திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை உருவாக்கியவர். 'நீங்கள் எல்லா இயந்திரங்களுக்குமே எதிரியா?' என்று கேட்டார். இல்லை என்றார் காந்தி. அறிவோடு சில விதிவிலக்குகள் வைப்பேன் என்று சொல்லி, அவர் காட்டிய உதாரணம் எது தெரியுமா? சிங்கர் தையல் மிஷின். இதுவரை கண்டுபிடித்ததில் உருப்படியான சில பொருட்களில் அதுவும் ஒன்று என்றார். ராமச்சந்திரன் விடவில்லை. 'அந்த மிஷினைச் செய்யப் பெரிய தொழிற்சாலை வேண்டுமே?' ஆமாம், அது அரசின் கையில் இருக்கட்டும் என்றார் காந்தி. 'யங் இந்தியா'வில் இந்த உரையாடல் அச்சாகியிருக்கிறது.

அதே உரையாடலில் காந்தி ஒரு கதையும் சொல்கிறார். தன் மனைவி கையால் தைத்துத் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்தார் சிங்கர். அவள்மேல் இருந்த அன்பினால், அவள் பாரத்தைக் குறைக்க அந்த மிஷினை உருவாக்கினார் என்று.

படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த மனைவிக்காக?

ஆனால், அப்படி ஒரு கணவர் நிஜமாகவே இருந்தார். படுக்கையில் கிடந்தபடி, மனைவியின் கை போய்வருவதையே பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் பெயர் எலியாஸ் ஹோவ். மிஷினுக்கு ஐந்து டாலர் வீதம் பணம் அவர் வீடு தேடி வர ஆரம்பித்தபோது, அந்த வீட்டில் எலிசபெத் இல்லை.